அனுமதிக் கடிதத்தில் இல்லாத ஆறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 15. விராலிமலைப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மாணவிகள் கால்பந்துப் போட்டிக்காகத் திருச்சி மாவட்டம் தொட்டியத்துக்கு வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கரூர் மாவட்டம் மாயனூருக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். காவிரிக்குக் குறுக்கே கதவணை கட்டியிருக்கும் ஊர் அது. அங்கே பிள்ளைகள் ஆற்றில் இறங்கினார்கள். நான்கு பேர் கரையேறவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்துக்கொண்டிருந்த சிறுமிகள். பள்ளியின் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது.

இதை ‘ஆற்றில் மூழ்கிய விபத்து’ என்று மட்டும் எழுதி வைத்தால் பாதிதான் எழுதியதாகும். அந்த நாளின் வேலை கால்பந்து. கால்பந்துக்குத் திட்டம் இருந்தது, நேரம் இருந்தது, உடன்செல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆற்றுக்கு எந்தத் திட்டமும் இல்லை. எந்தத் துறையில் ஆழம் எவ்வளவு, கதவணைக்குக் கீழே நீர் எப்படிச் சுழலும், பிள்ளைகளில் யாருக்கு நீச்சல் தெரியும் என்று அன்று காலை வரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் ஆறு அன்றைய நிகழ்ச்சியிலேயே இல்லை.

பள்ளிப் பயணங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கதைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இதே முடிச்சு மீண்டும் மீண்டும் தட்டுப்படுகிறது. அனுமதி கேட்ட இடம் ஒன்று. ஆபத்து இருந்த இடம் இன்னொன்று. “வந்தது வந்தோம், அதையும் பார்த்துவிட்டுப் போவோம்” என்ற ஒரு வாக்கியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எங்கே போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு ஒரு பள்ளியின் கடமை முடிவதில்லை. எழுதியதை மட்டும் செய்வது, எழுதாததைச் செய்ய மறுப்பது, எழுதுவதற்கு முன்பே அந்த இடத்தை ஒரு பெரியவர் கண்ணால் பார்த்து வருவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அனுமதி. இவ்வுரை இந்த ஒரு வாதத்தைத்தான் மதுரையின் மலைகளையும் கண்மாய்களையும் சாலைகளையும் வைத்துச் சொல்ல முயல்கிறது.

மதுரைக்காரர்களுக்குக் குரங்கணி மறக்கக் கூடியதல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிக்கு மேலே அந்த மலையில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டு போனது. தீக்காயத்தோடு பலர் கொண்டுவரப்பட்டது மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் தடத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் கொழுக்குமலைத் தடத்தில் ஏறிவிட்டார்கள் என்று வனத்துறை அப்போது சொன்னது. சீட்டு ஒரு வழிக்கு, நடை இன்னொரு வழிக்கு. மலைப்புல் காய்ந்து கிடக்கும் மார்ச் மாதம் வேறு. அந்த நாளுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தீப்பிடிக்கும் காலத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. அரசே அங்கீகரித்த தடங்களின் பட்டியலும் பின்னால் வெளியானது.

இடம் மட்டும் அல்ல, நேரமும் எழுதாமல் சேர்ந்துகொள்வது உண்டு. 2022 அக்டோபர் 5 இரவு எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே முன்னால் போன அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. மாணவர்கள் 5 பேர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்துப் பயணிகள் 3 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது என்று போக்குவரத்துத் துறை கண்டறிந்தது. ஓட்டுநர் ஒரு வேளாங்கண்ணிப் பயணத்தை முடித்த கையோடு இந்த வண்டியில் ஏறினார் என்று பெற்றோர் சொன்னார்கள். பள்ளிப் பயணத்தில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி ஓடக் கூடாது என்ற அறிவுறுத்தல் கேரளத்தில் அதற்கு முன்பே இருந்தது. விபத்து நடந்தது நள்ளிரவை நெருங்கும் வேளையில். விதி தாளில் இருந்தது. வண்டி சாலையில் இருந்தது.

படகுகளின் கதை இன்னும் நீளம். 2007 பிப்ரவரி 20 அன்று சாலிம் அலி பெயரிலான தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்கு வந்த அங்கமாலிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய படகு அளவுக்கு மீறிய ஆட்களோடு போய்ப் பெரியாற்றில் மூழ்கியது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2009 செப்டம்பர் 30 அன்று, அதே பெரியாற்றின் மேல்பகுதியில், தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியே இறங்கி வைகையில் கலந்து மதுரை வயல்களுக்கு வருகிறது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்னி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஏறியவர்கள் அனைவருக்கும் மிதவைச் சட்டை கொடுக்கப்படவில்லை. பதினேழு ஆண்டு இடைவெளியில் அதே தவறு. படகுக்காரர் எத்தனை பேரை ஏற்றுவார் என்று கரையில் நின்று முடிவு செய்யக் கூடாது. ஊரிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். மிதவைச் சட்டை எண்ணிக்கை குறைந்தால் படகில் ஏறுவதில்லை என்று கிளம்பும்போதே எழுதியிருந்தால், பிள்ளைகள் கெஞ்சும்போது ஆசிரியருக்கு அது ஒரு பிடிமானம்.

இத்தனையும் சொன்னால் ஒரு பதில் உடனே வரும்: “அப்படியானால் எங்கும் போக வேண்டாம்.” விபத்து நடந்த வாரத்தில் சுற்றறிக்கை பறக்கும், நீர்நிலைக்குப் போகாதே, மலைக்குப் போகாதே, சுற்றுலாவே வேண்டாம். தலைமையாசிரியருக்கும் அது நிம்மதி. ஆனால் இந்தத் தடை பிள்ளைகளைக் காப்பாற்றுவதில்லை. பள்ளியோடு ஆற்றுக்குப் போகாத பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோழர்களோடு கல்குவாரிப் பள்ளத்துக்குப் போகிறான். உலகம் முழுவதும் 2021இல் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 30 வயதுக்கும் குறைந்தவர்கள். தண்ணீரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரோடு கண்மாய்க் கரையில் நிற்கும் ஒரு மணி நேரத்தைவிட நல்ல வகுப்பு கிடையாது.

மேலும் மதுரைப் பிள்ளைக்கு வெளிவகுப்பை மறுப்பது என்பது என்ன அநியாயம் என்று பார்க்க வேண்டும். நகரத்தின் மேற்கே, காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடி சமணர் மலை. வடகிழக்கே ஒரே கல்லாகப் படுத்திருக்கும் யானைமலை. மேலூர் வட்டத்தில் மாங்குளம். நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதே வட்டத்தில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், சமணப் படுக்கை, ஆனைகொண்டான் கண்மாய், லகுடு வல்லூறு. தென்கிழக்கே, ஊர் எல்லையைத் தாண்டிச் சிவகங்கை மாவட்டத்துக்குள் கால் வைத்ததும் கீழடி. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம். நகருக்குள்ளேயே தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். இவை எல்லாம் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பக் கூடிய தூரத்தில் இருக்கின்றன. பாடநூலில் தமிழி எழுத்தைப் படம் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு, அந்த எழுத்து வெட்டப்பட்ட பாறை அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. பல பள்ளிகள் அங்கே போவதில்லை. கன்னியாகுமரிக்குப் போகின்றன.

கன்னியாகுமரிப் பயணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரையிலிருந்து போக ஏறக்குறைய 245 கிலோமீட்டர், வரவும் அதே அளவு. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால் விடியற்காலை 3 மணிக்குப் பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று பட்டியல் நீளும். திரும்பும்போது நள்ளிரவு. ஒரே ஓட்டுநர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஓட்டுநருக்கு வைத்திருந்த பொதுவான அளவு நாளுக்கு 8 மணி நேர வேலை. இந்தப் பயணத்தில் அவர் கண் விழித்திருப்பது இருபது மணி நேரத்துக்கு மேல். பெற்றோர் கட்டிய பணத்துக்கு நிறைய இடம் காட்ட வேண்டும் என்ற நல்ல மனத்தில்தான் இப்படிப் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு அவசரம். அவசரம் எவ்வளவோ அவ்வளவு வேகம். ஒரு நாளுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து அப்போதே கழிந்துவிடும். பிள்ளைகளும் எதையாவது உருப்படியாகப் பார்ப்பார்கள்.

ஓரிடம் என்று முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அங்கே போய்வருவது. பிள்ளைகள் இல்லாமல், பொறுப்பாசிரியர் இருவர், அதே கிழமையில், அதே நேரத்தில். கீழக்குயில்குடியையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், கருப்பசாமி கோயில். ஐம்பது பிள்ளைகள் வந்து இறங்கினால் அவர்கள் கண் முதலில் போவது குளத்தின் மேல்தான். ஆகவே வண்டி எங்கே நிற்க வேண்டும், பிள்ளைகள் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், குளத்துப் படிக்கும் அவர்களுக்கும் நடுவில் எந்த ஆசிரியர் நிற்பார் என்பது முதல் கேள்வி. அடுத்தது படி. பாறையில் வெட்டிய படிகளில் மணல் படிந்திருக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும். கைப்பிடிக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனை ஓரமாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து. அந்த இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம்? பதினைந்து என்று தோன்றினால் ஐம்பது பேரை மூன்றாகப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். மீதிப் பேருக்குக் கீழே ஆலமரத்தடியில் வரையவோ எழுதவோ வேலை கொடுக்க வேண்டும். அதே மலையின் செட்டிப்புடவுக் குகைப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும். பாறைத் தாழ்வாரத்தின் அடியில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா? போன மாதம் இல்லாத கூடு இந்த மாதம் இருக்கும். இருந்தால் அந்தப் பக்கம் அன்று மூடல். ஒரு பையன் விளையாட்டாக எறியும் கல் போதும். பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். நிழல் எங்கே விழுகிறது என்பதை நிழல் விழும் நேரத்தில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். கைப்பேசிச் சிக்னல் எங்கே கிடைக்கிறது, 108 வண்டி எதுவரை வரும், அங்கிருந்து பக்கத்து அரசு மருத்துவமனை எவ்வளவு நேரம். இவ்வளவும் ஒரு காலைப்பொழுதில் எழுதி எடுத்துவிடலாம். செலவு பேருந்துக் கட்டணம்.

இந்த முன்பார்வையை வீண்வேலை என்று நினைக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் மனம் மாறுவார்கள். பாடம் எடுப்பதற்கும் அது உதவுகிறது. எந்தச் சிற்பத்தின் முன் நின்று என்ன கேட்கலாம் என்பது அங்கேதான் தோன்றும்.

சமவெளியின் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மதுரையில் வைகை ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதால் அதை ஆறு என்று பயப்படுவோர் குறைவு. ஆனால் ஆண்டிப்பட்டி அருகே 71 அடி உயர அணை இருக்கிறது. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோரங்களுக்கு. வானம் வெளுத்திருக்கும் நாளிலும் தண்ணீர் வரும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும் உடன் சென்ற ஒருவரையும் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. மேலே அணை உள்ள எந்த ஆற்றுக்கும் இதே நியாயம்தான். பயணத்துக்கு முந்தைய நாள் அணை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெரிய வேலை இல்லை.

கண்மாய் வேறு மாதிரி. மழை பெய்து நிறைந்த கண்மாயில் கரையோரம் முழங்கால் ஆழமாகத் தெரியும். ஒரு அடி தள்ளிக் கரம்பை எடுத்த குழி இருக்கும். மடை திறந்திருந்தால் அதன் அருகே நீர் இழுக்கும். ஊர்க்காரருக்கு இது தெரியும், வெளியூர் ஆசிரியருக்குத் தெரியாது. பறவை பார்க்கக் கண்மாய்க்குப் போகிற வகுப்பு அந்த ஊரில் ஒருவரை, மடை பார்ப்பவரையோ மீன் குத்தகைக்காரரையோ, உடன் வைத்துக்கொள்வது மரியாதையும் கூட, பாதுகாப்பும் கூட. எல்லாவற்றையும்விட மோசம் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிப் பள்ளங்கள். கல் வெட்டி எடுத்த நேர்செங்குத்தான சுவர். உள்ளே பச்சை நிறத்தில் அசையாத தண்ணீர். ஏறுவதற்குக் கால் வைக்க இடம் கிடையாது. கீழவளவு, அரிட்டாபட்டிப் பக்கம் மலை பார்க்கப் போகும் பள்ளிகள், வழியில் எங்கே இப்படிப் பள்ளம் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

பயணத்துக்கு முன் பெற்றோரிடம் வாங்கப்படும் கடிதத்தில் ஒரு வரி வழக்கமாக இருக்கும்: ஏதேனும் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல. இந்த வரியை நம்பிப் பள்ளிகள் தைரியமாக இருக்கின்றன. பெற்றோரும் தலையெழுத்து என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இரு தரப்புக்கும் ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995 மே மாதம் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று சிறு பிள்ளைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனது. 14 பிள்ளைகள் மூழ்கினார்கள். எம்.எஸ். கிரேவால் எதிர் தீப் சந்த் சூட் என்ற அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், உடன்சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. பிள்ளையைக் கையில் வாங்கிய நேரத்தில் கவனிக்கும் கடமையும் கைமாறுகிறது. அச்சடித்த ஒரு வரி அதைத் திருப்பிக் கொடுத்துவிடாது. அந்த வரியை அடித்துவிட்டு, அதே தாளில் பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, என்ன மாத்திரை, நீச்சல் தெரியுமா, யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால் தாள் உபயோகப்படும்.

இங்கிலாந்தில் ஒரு கோர விபத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது நமக்குப் பாடம். 1993 மார்ச் 22 அன்று லைம் வளைகுடாவில் சிறு துடுப்புப் படகுகளில் போன பிளிமத் பள்ளி மாணவர்களைக் காற்று கடலுக்குள் தள்ளியது. நால்வர் இறந்தார்கள். அந்தப் பயிற்சி மையத்தில் பாதுகாப்புச் சரியில்லை என்று அங்கே வேலை பார்த்த இருவர் முந்தைய ஆண்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். 1994இல் நிறுவனமும் அதன் இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1995இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு இத்தகைய சாகசப் பயிற்சி தரும் மையங்கள் சோதனைக்கு உட்பட்டு உரிமம் பெற்றாக வேண்டும் என்று ஆக்கியது. பின்னாளில் பள்ளிதோறும் வெளிப்பயணத்துக்கென்று ஒரு பொறுப்பாசிரியரை நியமிக்கும் வழக்கமும் வந்தது. அவர்கள் கடலை மூடவில்லை. யார் கூட்டிப் போகலாம் என்பதை இறுக்கினார்கள்.

அந்தப் பொறுப்பாசிரியர் ஏற்பாடு நம் பள்ளிகளுக்கு இன்றே கொண்டுவரத் தக்கது. இங்கே பயணம் என்றால் யாருக்கு உற்சாகம் இருக்கிறதோ அவர் தலையில் எல்லாம் விழுகிறது. அவர் மாறுதலில் போனால் அவர் கற்றதும் போய்விடுகிறது. ஒரு ஆசிரியர், ஒரு நோட்டு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எங்கே கூட்டம் நெரிந்தது, எந்த ஓட்டுநர் நிதானமானவர், எந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை மயங்கி உட்கார்ந்தாள் என்று அதில் எழுதினால் ஐந்து ஆண்டில் அந்த நோட்டு எந்தச் சுற்றறிக்கையையும்விடப் பெரியது.

பெண் பிள்ளைகள் மயங்குவது பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். போகிற இடத்தில் கழிப்பறை இல்லை என்று தெரிந்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லி வராமலே நின்றுவிடுவார்கள். பிப்ரவரி கடைசியில் மதுரை வெயிலில், சூடேறிய பாறையில், தண்ணீர் குடிக்காத பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஏற்றுவது ஆபத்து. பெண் ஆசிரியர் கட்டாயம் உடன்வர வேண்டும் என்பதைப் பலரும் எழுதுகிறார்கள். கழிப்பறை எங்கே, எத்தனை, தண்ணீர் வருகிறதா என்பதை எழுதுவோர் குறைவு. மலைக்குப் போகும் வழியில் ஒரு அரசுப் பள்ளியில் பேசி வைத்து அரை மணி நேரம் நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேசவும் வாய்க்கும்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பெண்களின் அறிவே போதும்: வெயில் காலத்துக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் பதினொரு மணிக்குள் என்றால் சரி. வழிக்கடையில் வாங்கித் தருவதில்லை என்று முன்பே சொல்லிவிடலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஏற முடியாத மலைக்கு வகுப்பு முழுவதும் போய், அவன் மட்டும் வீட்டில் இருப்பதும் சரியில்லை. அவனும் போகக் கூடிய இடமா என்று போய்ப் பார்த்துவிட்டு, அந்த வகுப்புக்கு முதல் பயணத்தை அங்கே வைக்கலாம். பணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழி காண வேண்டும். பக்கத்து இடத்துக்கு நகரப் பேருந்தில் போனால் அந்தக் கேள்வியே பாதி கரைந்துவிடும்.

வாடகை வண்டி என்றால் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், ஓட்டுநரின் உரிமம் நான்கையும் நகல் வாங்கிக் கோப்பில் வைக்கிறார்கள். நல்லது. ஆனால் நகல் கொடுத்த வண்டிதான் வாசலுக்கு வந்ததா என்று கிளம்பும் காலையில் எண்ணைச் சரிபார்ப்பவர் யார்? ஓட்டுநர் முந்தைய இரவு எங்கே ஓட்டினார் என்று கேட்பவர் யார்? இந்த இரண்டு கேள்விக்கும் பெயர் போட்டு ஒருவர் இருக்க வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் பயணத்தை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். ஆள் எண்ணிக்கை எடுப்பதும் அப்படித்தான். தலையை மட்டும் எண்ணினால் ஐம்பதுக்கு ஐம்பது சரியாக இருக்கும், அதில் ஒன்று அடுத்த பள்ளிப் பிள்ளையாக இருக்கும். பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும், ஒவ்வொரு முறை வண்டி நகரும் முன்னும்.

மதுரையில் இதையெல்லாம் நடத்திக் காட்டிய முன்மாதிரியும் உண்டு. யானைமலையைக் காக்க ஊர்மக்கள் போராடிய 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, குடும்பம் குடும்பமாக மக்களை மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் கூட்டிப்போனது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறைமேல் நின்று விளக்கம் சொல்வார். ஞாயிறு அதிகாலையில் தொடங்குவார்கள். ஒரு நாளுக்கு ஒரு மலை. வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவார்கள். எல்லோரும் உட்கார்ந்து காலை உணவு. கூட்டத்தில் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். பெரிய பட்ஜெட்டோ உபகரணமோ அங்கே தேவைப்படவில்லை. இடத்தை நன்றாக அறிந்தவர்கள் முன்னால் நடந்தார்கள், அதுதான் விஷயம்.

இப்போது கையெழுத்துப் போடும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முந்தைய நாள் மாலை வரும் விண்ணப்பத்துக்கு அனுமதி தர வேண்டாம். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். விண்ணப்பத்தில் இடத்தின் பெயரோடு மணிவாரி நிகழ்ச்சியும், முன்பார்வை செய்த தேதியும், செய்தவர் கையெழுத்தும் இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். அதன் அடியில் ‘இதில் இல்லாத எந்த இடத்திலும் வண்டி நிற்காது’ என்று ஒரு வரி சேருங்கள். அவசரத்துக்கு நிற்க வேண்டிய இடங்களையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மழை, தீ, வெயில் காரணமாகப் பயணத்தைப் பாதியில் கைவிட்டுத் திரும்பிய ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். பாராட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதம் மாவட்டம் முழுக்கச் சுற்றும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மழை ஓய்ந்து டிசம்பர் பிறந்ததும் பிள்ளை ஒப்புதல் சீட்டைக் கொண்டு வந்து நீட்டும். உடனே மறுக்காதீர்கள், உடனே கையெழுத்தும் போடாதீர்கள். பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் நாலு கேள்வி கேளுங்கள். அந்த இடத்துக்கு நீங்கள் எந்தத் தேதியில் போய்ப் பார்த்து வந்தீர்கள்? வழியில் தண்ணீர் இருக்கிறதா? வண்டி எத்தனை மணிக்குத் திரும்பும், ஓட்டுபவர் முந்தைய இரவு தூங்குவாரா? நிகழ்ச்சியில் இல்லாத இடத்துக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கெஞ்சினால் என்ன சொல்வீர்கள்? நான்குக்கும் பதில் தயாராக இருந்தால், புளியோதரை கட்டிக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பி வையுங்கள்.